ராமன் 96% என்கிறது, தராசு 81% என்கிறது: எதை நம்புவது?

மேடைப்பொறியாளர்

வணக்கம் நண்பர்களே. 200 லிட்டர் பைலட் ரியாக்டரில் பெயின்ட் பைண்டருக்கான லேட்டக்ஸ், அதாவது தண்ணீரில் பரவிய பாலிமர் துகள்கள், தயாரித்துக்கொண்டிருக்கிறோம். மோனோமர்கள் ஸ்டைரீனும் பியூட்டைல் அக்ரிலேட்டும் சம எடை, மொத்தம் 80 கிலோ. 40 கிலோ தண்ணீர் முதலிலேயே ரியாக்டரில் இருக்கும். மீதி 40 கிலோ தண்ணீரில் மோனோமரைக் கலந்து ப்ரீ-எமல்ஷனாக்கி, 80 டிகிரியில் மூன்றரை மணி நேரம் சீராக ஊட்டுகிறோம். வினையைத் தொடங்கிவைக்கும் இனிஷியேட்டரான அம்மோனியம் பெர்சல்ஃபேட் கரைசல் தனி பம்பில் போகிறது.

கன்வர்ஷன், அதாவது ஊட்டிய மோனோமரில் எத்தனை சதவீதம் பாலிமராகியிருக்கிறது என்று பார்க்க இதுவரை ஒரே வழிதான். அரை மணிக்கு ஒரு சாம்பிள் எடுத்து, ஹைட்ரோகுயினோன் போட்டு வினையை நிறுத்தி, அலுமினியத் தட்டில் ஊற்றி, சூடான அவன் அடுப்பில் காயவைத்து எடை போடுவோம். விடை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ரியாக்டரில் நிலைமை மாறிவிடும்.

இப்போது சோதனைக்காக ஒரு ராமன் புரோப் வாங்கியிருக்கிறோம், அதாவது லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் நிறமாலையிலிருந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் கருவி. 785 நானோமீட்டர் லேசர், முனையில் சஃபையர் உருண்டை லென்ஸ். மேல் நாசில் (குழாய்வாய்) வழியாக உள்ளே இறங்குகிறது. நிமிடத்துக்கு ஒரு நிறமாலை. 1630-ல் (அலைஎண், செ.மீ⁻¹) வரும் மோனோமரின் இரட்டைப் பிணைப்பு பீக்கை 1000-ல் வரும் பென்சீன் வளைய பீக்கால் வகுக்கிறேன். ஊட்டும் கலவையில் அந்த விகிதம் என்னவோ அதை ஆரம்ப மதிப்பாக வைத்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் கன்வர்ஷன்.

முதல் இரண்டு பேட்சில் தராசுக்கும் ராமனுக்கும் 2 சதவீதத்துக்குள் வித்தியாசம். மூன்றாவது பேட்சில் முதல் ஒன்றரை மணி நேரம் ஒத்துப்போனது. அதன்பின் ராமன் 96-க்கு ஏறி, கோடு போட்டதுபோல் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது மணி நேரத்தில் எடுத்த தட்டு 81 காட்டியது. அடுத்த மாதம் இந்த சிக்னலை நேராக ஃபீட் பம்புடன் இணைக்கச் சொல்கிறார்கள். இணைக்கலாமா?

நிறமாலைக்காரர்

முதலில் உங்கள் கணக்கு சரிதான். வளைய பீக் மோனோமரிலும் இருக்கும், பாலிமரிலும் இருக்கும். வினையில் அது அழிவதில்லை. ஆகவே லேசர் சக்தி ஏறி இறங்கினாலும், துகள்கள் பெரிதாகி ஒளிச்சிதறல் மாறினாலும், இரண்டு பீக்கும் சேர்ந்தே மாறும், விகிதம் தப்பிக்கும். எமல்ஷனில் உள்ளேயே ஒரு அளவுகோல் இல்லாமல் ராமனை நம்ப முடியாது. ஸ்டைரீன் இருப்பது உங்களுக்கு வசதி.

இப்போது சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழிப்போம்.

தண்ணீருக்கு 1640 அருகே அகலமான, மெலிந்த ஒரு பட்டை உண்டு. கன்வர்ஷன் 90-ஐத் தாண்டும்போது அது உங்கள் 1630 பீக்குக்கு அடியில் ஒளிந்துகொண்டு தொல்லை தரும். ஆனால் அது இருந்தால் மோனோமர் கூடுதலாக இருப்பதுபோல் தெரியும், கன்வர்ஷன் குறைவாகக் காட்டும். உங்களுக்கு நடந்தது எதிர்த்திசையில். எனவே தண்ணீர் குற்றவாளி இல்லை. ஒளிர்வு, அதாவது ஃப்ளூரசன்ஸ், வந்திருந்தால் அடித்தளம் மேலே தூக்கும், இரைச்சல் கூடும். நீங்கள் சொல்வதோ நேர்க்கோடு. அதுவும் பொருந்தவில்லை.

அடுத்தது பியூட்டைல் அக்ரிலேட். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஸ்டைரீனின் இரட்டைப் பிணைப்பு பென்சீன் வளையத்தோடு கைகோத்திருப்பதால் ராமனில் பலமாகத் தெரியும். அக்ரிலேட்டின் பிணைப்பு 1635 பக்கத்தில் வரும், ஆனால் அதைவிட மெலிந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஸ்டைரீன்தான். இந்த ஜோடியில் ஸ்டைரீன் வேகமாகத் தீரும், அக்ரிலேட் பின்தங்கும். அக்ரிலேட் முனையுள்ள சங்கிலிக்கு இன்னொரு அக்ரிலேட்டைவிட ஸ்டைரீன்மேல் பல மடங்கு நாட்டம். ஆகவே மிச்சமிருப்பது அக்ரிலேட்டாக இருந்தால் ராமன் கன்வர்ஷனைக் கூட்டியே காட்டும். திசை பொருந்துகிறது. ஆனால் இந்தப் பிழை எல்லா பேட்சிலும் ஒரே மாதிரி வர வேண்டுமே? முதல் இரண்டில் வரவில்லை. 15 சதவீத வித்தியாசத்துக்கு இது போதாது.

எனக்கு உறுத்துவது அந்த நேர்க்கோடுதான். ஓடுகிற எமல்ஷன் அப்படி அசையாமல் இருக்காது. 418-ல் சஃபையரின் சொந்த பீக் தெரிகிறதா பாருங்கள். 1000 பீக்கை அந்த 418-ஆல் வகுத்து, நேரத்துக்கு எதிராக ஒரு வரைபடம் போட்டு இங்கே சொல்லுங்கள்.

வெப்பக்கணக்கு

தம்பி, இணைக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டு மணி நேரத்தில் நீங்கள் ஊட்டியது ஏறக்குறைய 46 கிலோ மோனோமர். ராமன் சொல்வது உண்மையானால் வினையாகாமல் கிடப்பது 2 கிலோவுக்குள். தராசு சொல்வது உண்மையானால் கிட்டத்தட்ட 9 கிலோ. ஸ்டைரீன் பாலிமராகும்போது மோலுக்குச் சுமார் 70 கிலோஜூல் வெப்பம் வெளியேறும், அக்ரிலேட்டுக்கு 78. உங்கள் கலவைக்குக் கிலோவுக்கு 640 கிலோஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் ரியாக்டரில் 115 கிலோ இருந்திருக்கும், பாதிக்கு மேல் தண்ணீர். தேங்கிய 9 கிலோவும் ஒரே மூச்சில் வினைபுரிந்தால் வெப்பநிலை 15 டிகிரிக்கு மேல் ஏறும். 80 என்பது 95 தாண்டும். அதுவே 2 கிலோ என்றால் 3 டிகிரியோடு நின்றுவிடும்.

பைலட்டில் இது நுரை, கட்டி, ஒரு நாள் சுத்தம் செய்யும் வேலை. ஆனால் இதே சிக்னலைப் பம்புடன் இணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 96% என்று பார்த்த கன்ட்ரோலர் "வினை நன்றாக ஓடுகிறது, இன்னும் ஊட்டலாம்" என்று பம்பை வேகப்படுத்தியிருக்கும். மோனோமர் தேங்கத் தேங்க, இன்னும் ஊட்டியிருக்கும். கன்வர்ஷனைக் குறைத்துக் காட்டும் கருவி உங்கள் நேரத்தை மட்டும்தான் தின்னும். கூட்டிக் காட்டும் கருவி ஆளைத் தின்றுவிடும். நான் பயப்படுவது அந்த இரண்டாவதுக்கு.

ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் உள்ளே போகும் தண்ணீரின் வெப்பநிலை, வெளியே வருவது, ஓட்ட வேகம், இந்த மூன்றும் பதிவாகிறதா? உங்கள் ஃபீட் வேகத்துக்கு, ஊட்டியதெல்லாம் உடனே வினையானால் வெளிவர வேண்டியது சுமார் 4 கிலோவாட். குளிர்ந்த ப்ரீ-எமல்ஷன் உள்ளே வந்து சூடாகும் பங்கையும், மூடி வழியாகக் கசியும் வெப்பத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டு அந்த மூன்றாவது பேட்சைப் பாருங்கள். தராசு பொய் சொன்னதா, ராமன் பொய் சொன்னதா என்பதை ஜாக்கெட் சொல்லிவிடும்.

புதுவாசகன்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இதற்கு அகச்சிவப்பு புரோப் போடலாமே, ஏன் ராமன்?

நிறமாலைக்காரர்

நல்ல கேள்வி. அகச்சிவப்பில் தண்ணீர் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ராமனில் தண்ணீர் பலவீனம், இரட்டைப் பிணைப்பும் வளையமும் பலம். எமல்ஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்புறம், அகச்சிவப்புக்கான ஃபைபர் சில மீட்டருக்கு மேல் தாங்காது. ராமனுக்குச் சாதாரண சிலிக்கா ஃபைபர் போதும். கருவியைக் கன்ட்ரோல் ரூமில் வைத்துவிட்டு நூறு மீட்டர் தள்ளியும் புரோப் போடலாம்.

குறையும் உண்டு. சிதறும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ராமன் ஒளி. கொஞ்சம் அசுத்தம் ஒளிர்ந்தாலும் அது மூழ்கிவிடும். அதனால்தான் 532 நானோமீட்டர் லேசரை விட்டு 785-க்குப் போகிறோம். சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் என்பதால் சிக்னலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஆனாலும் ஒளிர்வு குறைவதால் லாபம். இன்னும் பழுப்பான சரக்கு என்றால் 1064. அங்கே சிலிக்கான் டிடெக்டர் வேலை செய்யாது, வேறு வகை வேண்டும், விலை ஏறும்.

1928 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் இந்தச் சிதறலைப் பிடித்தபோது அவர்கள் கையில் லேசரே கிடையாது. திருச்சியில் பிறந்தவரும் வத்திராயிருப்பில் பிறந்தவரும் சேர்ந்து கண்ணால் பார்த்த மெல்லிய ஒளி அது. அதை இன்று ரியாக்டருக்குள் நிமிடத்துக்கொரு முறை பார்க்கிறோம் என்பதில் எனக்கு இன்றும் சிலிர்ப்பு உண்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆய்வுமாணவி

அண்ணா, என் முனைவர் பட்ட வேலை இதே ஸ்டைரீன்-அக்ரிலேட் எமல்ஷன்தான். நிறமாலைக்காரர் சொன்ன அக்ரிலேட் பிரச்சினைக்காக நான் விகித முறையை விட்டு பிஎல்எஸ் என்ற புள்ளியியல் மாடலுக்குப் போனேன். முழு நிறமாலையையும் எடுத்து, ஜிசியில் (வாயு குரோமட்டோகிராஃபி) அளந்த ஸ்டைரீன், அக்ரிலேட் இரண்டோடும் பொருத்துவது. இரண்டையும் தனித்தனியே காட்டுகிறது.

ஆனால் அதில் நான் விழுந்த பள்ளத்தைச் சொல்லியே ஆக வேண்டும். என் கேலிப்ரேஷன் சாம்பிள்கள் எல்லாமே ஒழுங்காக ஓடிய பேட்சுகளில் எடுத்தவை. ஒழுங்கான பேட்சில் நேரம் ஏறும்போது கன்வர்ஷன் ஏறும், திடப்பொருள் ஏறும், துகள் அளவு ஏறும், எல்லாம் ஒன்றாக ஏறும். மாடல் உண்மையில் எதைப் படித்தது என்று யாருக்கும் தெரியாது. வரைபடத்தில் அழகான நேர்க்கோடு வந்தது. பிறகு ஒரு நாள் வேண்டுமென்றே பாதி ஓட்டத்தில் கொஞ்சம் ஸ்டைரீனைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தேன். மாடல் கண்டுகொள்ளவே இல்லை. அது மோனோமரைப் படிக்கவில்லை, லேட்டக்ஸ் கெட்டியாவதைப் படித்திருக்கிறது.

அதன்பின் கேலிப்ரேஷனுக்கென்றே கோணல் பேட்சுகள் ஓட்டினேன். முடிந்துபோன லேட்டக்ஸில் மோனோமரைக் கலந்த சாம்பிள்கள், ஸ்டைரீன் மட்டும் கூட்டியவை, அக்ரிலேட் மட்டும் கூட்டியவை, 25 டிகிரியில் சில, 80 டிகிரியில் சில. 80 டிகிரி சாம்பிளில் ஹைட்ரோகுயினோன் தாராளமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் அளக்கும்போதே வினை ஓடும். இரண்டு மாதம் போனது. ஆனால் இப்போது மாடல் சொல்வதை நம்புகிறேன்.

ஸ்பெயினில் சான் செபாஸ்டியனில் போலிமாட் குழுவினர் எமல்ஷனுக்கு ராமனையும் வெப்ப அளவீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். வெப்பம் மொத்த வேகத்தைச் சொல்லும், எந்த மோனோமர் என்று சொல்லாது. ராமன் எந்த மோனோமர் என்று சொல்லும். இரண்டும் வேண்டும் என்பதுதான் என் அனுபவமும்.

மேடைப்பொறியாளர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் பதிவுகளைத் தோண்டினேன்.

418 பீக் நன்றாகத் தெரிகிறது. 1000-ஐ அதனால் வகுத்துப் போட்ட வரைபடம் முதல் ஒன்றரை மணி நேரம் மெதுவாக ஏறுகிறது. ஒரு மணி நாற்பது நிமிடத்தில் ஒரே தாவல். பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கு. பிறகு தட்டை. முதல் இரண்டு பேட்சில் அந்தத் தாவல் இல்லை.

ஜாக்கெட் கணக்கும் போட்டேன். ஒன்றேகால் மணி நேரத்திலிருந்து வெளிவந்த வெப்பம் குறையத் தொடங்கி, 2.5 கிலோவாட் பக்கம் வந்து நிற்கிறது. வெப்பக்கணக்கு ஐயா சொன்ன 4 இல்லை. ஊட்டியதிலிருந்து வினையானதைக் கழித்தால், இரண்டாவது மணி நேரத்தில் தேங்கியது 8 கிலோவை ஒட்டி வருகிறது. தராசின் பக்கம்தான்.

நிறமாலைக்காரர்

அப்படியானால் விஷயம் தெளிவு. லென்ஸின் மேல் பாலிமர் படலம் ஒட்டியிருக்கிறது.

உருண்டை லென்ஸ் தன்னைத் தொடும் இடத்தில்தான் குவிகிறது. அது பார்ப்பது ரியாக்டரை அல்ல, முனைக்கு முன்னால் இருக்கும் ஒரு துளியை. பாதிக்குப் பாதி தண்ணீராக இருந்த இடத்தில் கெட்டிப் பாலிமர் வந்து உட்கார்ந்தால் வளைய பீக் இரட்டிக்கும், சஃபையர் பீக் அப்படியே இருக்கும். நீங்கள் கண்ட தாவல் அதுதான். படலத்துக்குள் மோனோமர் தீர்ந்துபோனபின் புதிதாக ஒன்றும் எளிதில் உள்ளே வராது, அதனால் 96-ல் நேர்க்கோடு. கருவி பொய் சொல்லவில்லை. படலத்தின் கன்வர்ஷனைச் சரியாகத்தான் சொன்னது.

532 லேசராக இருந்தால் 3400-ல் தண்ணீர் பட்டையைப் பார்த்தே படலத்தைக் கண்டுபிடிக்கலாம், தண்ணீர் திடீரென்று காணாமல் போகும். 785-ல் அந்தப் பட்டை 1070 நானோமீட்டரில் விழும், சிலிக்கான் டிடெக்டருக்கு எட்டாது. உங்களுக்கு 1000/418 விகிதம்தான் காவல்காரன். அதை நிமிடத்துக்கு நிமிடம் திரையில் போடுங்கள். மெதுவாக ஏறட்டும், தாவினால் அலாரம்.

வெப்பக்கணக்கு

படலம் ஒரு பிரச்சினை. ஆனால் வெப்பம் ஒன்றேகாலில் குறைந்திருக்கிறது, படலம் ஒன்று நாற்பதில்தான் வந்திருக்கிறது. தம்பி, இந்த வரிசையைக் கவனித்தீர்களா? வினை முதலில் மந்தமானது. மோனோமர் தேங்கி, துகள்கள் அதைக் குடித்து ஊதி, பிசுபிசுப்பாகி, அப்புறம்தான் லென்ஸில் ஒட்டியிருக்கின்றன. அந்த இருபத்தைந்து நிமிடத்தில் ராமன் என்ன காட்டியது? குறைவதைக் காட்டியிருக்க வேண்டுமே. பாருங்கள். இனிஷியேட்டர் பம்பையும், வினையைத் தடுக்கும் ஆக்சிஜனை விலக்கிவைக்கும் நைட்ரஜனையும் சோதியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல நினைத்தேன். 2020 மே 7-ல் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் சேமிப்புத் தொட்டி தானாகப் பாலிமராகி, ஆவி ஊருக்குள் போய் 12 பேர் இறந்தார்கள். அந்தத் தொட்டியில் வெப்பநிலை அளந்தது அடியில் மட்டும். மேலே சூடு ஏறியது யாருக்கும் தெரியவில்லை. ஒரே இடத்தில் ஒரே கருவி பார்ப்பதை வைத்து முழுப் பாத்திரத்துக்கும் தீர்ப்பு சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டாம். புரோப்பின் விலை எவ்வளவாக இருந்தாலும் அது ஒரு துளியைத்தான் பார்க்கிறது.

மேடைப்பொறியாளர்

ஐயா சொன்னது அப்படியே இருந்தது. ஒன்று இருபதிலிருந்து ஒன்று நாற்பதுக்குள் ராமன் 92-லிருந்து 85-க்கு இறங்கியிருக்கிறது. இரைச்சல் என்று நினைத்து நானே பத்துப் புள்ளி சராசரி போட்டு மழுங்கடித்திருக்கிறேன். சராசரி போடாத பச்சைத் தரவில் தெளிவாகத் தெரிகிறது.

இனிஷியேட்டர் பம்பின் உறிஞ்சு குழாயில் காற்று பிடித்திருந்தது. கேன் அடிமட்டத்துக்குப் போனதும் குழாய் முனை வெளியே வந்துவிட்டிருக்கிறது. பம்ப் ஓடுவதாகத் திரையில் காட்டியது, உள்ளே போனது பாதிதான். இப்போது கேனைத் தராசு மேல் வைத்து எடை குறைவதைப் பதிவு செய்கிறோம்.

புரோப்பை வெளியே எடுத்துப் பார்த்தேன். லென்ஸைச் சுற்றி வெள்ளைத் தோல் மாதிரி படலம், நகத்தால் உரித்தால் ரப்பர் போல வந்தது. புரோப் மேல் நாசிலில் பாஃபிளுக்கு (ரியாக்டருக்குள் உள்ள தடுப்புத் தகடு) பின்னால் நின்றிருக்கிறது. அங்கே கலக்கம் குறைவு, திரவ மட்டத்துக்கும் பக்கம்.

ஆய்வுமாணவி

அண்ணா, நான் முதலில் வெளிச்சுற்றுக் குழாயில் புரோப் வைத்துப் பார்த்தேன். பம்பின் உராய்வில் லேட்டக்ஸே கட்டிதட்டிவிட்டது. அதை விட்டுவிட்டு, பக்கச்சுவரில் கலக்கியின் வீச்சு அடிக்கும் உயரத்தில், முனை சுவரைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டர் உள்ளே நீளுமாறு வைத்தேன். ஓட்டமே முனையைக் கழுவிக்கொள்கிறது. படலத்தைக் கழுவ டொலுவீன் நனைத்த மென்துணி போதும், சஃபையரில் கீறல் விழாது. ஒவ்வொரு பேட்சுக்கும் முன்பு சைக்ளோஹெக்சேனில் முக்கி 801 பீக் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். படலம் மிச்சமிருந்தால் அதிலேயே 1000 எட்டிப் பார்க்கும்.

சைட் கிளாஸையும் மூடிவையுங்கள். வெளிச்சம் உள்ளே விழுந்தால் நிறமாலையில் தேவையில்லாத கோடுகள் வரும்.

வெப்பக்கணக்கு

பம்புடன் இணைப்பதைப் பற்றி: ராமனுக்குப் பம்பைக் குறைக்க, நிறுத்த மட்டும் அதிகாரம் கொடுங்கள். கூட்டும் அதிகாரம் வேண்டாம். ஜாக்கெட் கணக்கும் ராமனும் 5 சதவீதத்துக்கு மேல் பிரிந்தால் ஃபீட் நிற்கட்டும், ஆள் வந்து பார்க்கட்டும். இருபது பேட்ச் ஒத்துப்போனபின் மேலிடத்தோடு அடுத்த பேச்சு. கடைசியில் மிஞ்சும் மோனோமரின் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்குக்கு ராமனைக் கேட்காதீர்கள், அங்கே ஜிசிதான்.

மேடைப்பொறியாளர்

மேலிடத்தில் உங்கள் 9 கிலோ கணக்கை அப்படியே காட்டினேன். ஒரு மாதக் கெடுவை எடுத்துவிட்டார்கள். பக்கச்சுவரில் நாசில் போட வெல்டருக்குச் சொல்லியாகிவிட்டது.

நேற்று நான்காவது பேட்ச், புரோப் இன்னும் பழைய இடத்தில்தான், ஆனால் சராசரி இல்லாமல், 1000/418 அலாரத்தோடு. இரண்டு ஐம்பதுக்கு அலாரம் அடித்தது. ஃபீடை நிறுத்தி, சாம்பிள் எடுத்து, ஜாக்கெட்டைப் பார்த்தோம். வெப்பம் 3.9 கிலோவாட், வினை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸ் மட்டும் மறைந்திருந்தது. மீதியை ஜாக்கெட் கணக்கை வைத்தே முடித்தோம். தட்டு 91 காட்டியது. நாசில் வந்ததும் ஐந்தாவது பேட்சின் பச்சைத் தரவை இங்கே போடுகிறேன்.